குவாரனி மிஷன் ஊர்களின் மக்கள்தொகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் அமெரிக்காவில் இயேசு சபைத் துறவிகளின் மேற்பார்வையில் வாழ்ந்த குவாரனி மக்களைப் பற்றிக் கல்லூரி வகுப்புகளிலும் வாசகர் கூட்டங்களிலும் சில ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. கேட்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு கதைகளில் ஒன்றை முன்பே அறிந்திருக்கிறார்கள்: காட்டுக்குள் அமைந்த சொர்க்கம் என்பது ஒன்று, பாதிரியார்கள் கட்டிய சிறை என்பது மற்றொன்று. இரண்டு கதைகளிலும் ஆட்களின் எண்ணிக்கை வருவதே இல்லை. எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் ஊரைவிட்டுப் போனார்கள் என்று பார்த்தால் இரண்டு கதைகளுமே போதாதவை என்பது விளங்கும். ஆகவே அடிக்கடி வரும் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளைத் தொகுத்திருக்கிறேன்.

குவாரனிகள் என்பவர்கள் யார்? இந்த மிஷன் ஊர்கள் எந்த நாட்டில் இருந்தன?

குவாரனி என்பது ஒரு மொழியின் பெயர். அதைப் பேசிய மக்களின் பெயரும் அதுவே. பரானா, பராகுவாய், உருகுவாய் ஆகிய பேராறுகளின் கரைகளில் காட்டைத் திருத்தி எரித்து, மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிட்டு, மண் சலித்துப்போனதும் வேறிடம் பெயர்ந்து வாழ்ந்தவர்கள். ஒரு தலைவனைச் சுற்றிய உறவுக் குடும்பங்கள் பலவும் ஒரே நீண்ட கூரையின் கீழ் குடியிருந்தன.

இயேசு சபையின் பராகுவாய் மாகாணம் 1607-இல் அமைந்தது. துறவிகள் குவாரனிகளை ஓரிடத்தில் கூட்டிக் குடியமர்த்திய ஊர்களே மிஷன் ஊர்கள். அவற்றில் முதலாவதான சான் இக்னாசியோ குவாசு 1609-இன் இறுதியில் தொடங்கப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவை முப்பது ஊர்களாக நிலைபெற்றன. இன்றைய எல்லைகளின்படி 15 ஊர்கள் அர்ஜென்டினாவிலும், 8 பராகுவாயிலும், 7 பிரேசிலிலும் அமைகின்றன. மதுரை மிஷனை நடத்திய அதே சபைதான் இது. வீரமாமுனிவர் சதுரகராதியை முடித்த 1732-ஆம் ஆண்டில்தான் குவாரனி ஊர்களின் மக்கள்தொகை அதன் உச்சத்தைத் தொட்டது என்பதைத் தமிழ் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த மக்களைப் பிடித்துக்கொண்டு வந்து அடைத்தார்களா, அவர்களாகவே வந்தார்களா?

பெரும்பாலும் தலைவன் ஒருவன் ஒப்புக்கொண்டு தன் ஆட்களுடன் வந்து சேர்ந்தான். தனி மனிதர்கள் வந்ததைவிடக் கூட்டமாக வந்ததே அதிகம். அவர்கள் வந்ததற்குப் பல காரணங்கள் இருந்தன. இன்றைய பராகுவாயின் தலைநகரான அசுன்சியோனைச் சுற்றியிருந்த ஸ்பானியக் குடியேறிகள், என்கொமியெந்தா என்ற ஏற்பாட்டின்படி குவாரனிகளிடம் கட்டாய வேலை வாங்கிவந்தார்கள். அரசு அதிகாரி பிரான்சிஸ்கோ தெ அல்ஃபாரோ 1611-இல் வெளியிட்ட ஆணைகள் அந்த வேலையைக் கட்டுப்படுத்தவும், மிஷனில் சேர்ந்தவர்களைச் சில ஆண்டுகள் காக்கவும் முயன்றன. மறுபுறம் போர்த்துக்கீசியர் வசமிருந்த பிரேசிலின் சாவோ பாவுலோவிலிருந்து அடிமை பிடிக்கும் படைகள் வந்துகொண்டிருந்தன. இவற்றோடு இரும்புக் கோடரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கல் கோடரியால் ஒரு பெருமரத்தை நாள்கணக்கில் வெட்டிக்கொண்டிருந்த உழவனுக்கு, ஓர் இரும்புக் கோடரி எத்தனை நாள் உழைப்பை மிச்சப்படுத்தும் என்பதை நம்மால் எளிதில் ஊகிக்க முடியும்.

ஆகவே ‘விரும்பி வந்தார்கள்’ என்பதும் ‘இழுத்து வந்தார்கள்’ என்பதும் முழு உண்மை ஆகமாட்டா. இருந்த வழிகளில் உயிரோடு இருக்க உதவும் வழி எதுவென்று தலைவர்கள் எடைபோட்டுப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்றே நான் கருதுகிறேன். சிலர் வேறு முடிவுக்கும் வந்தார்கள். 1628-இல் ரோக்கே கொன்சாலெஸ் என்ற துறவி காரோ என்ற இடத்தில் குவாரனித் தலைவன் ஒருவனின் ஆட்களால் கொல்லப்பட்டது அப்படியொரு முடிவின் விளைவு.

முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஆள்கணக்கு நமக்கு எப்படித் தெரியும்? யார் எண்ணினார்கள்?

இரண்டு வகைக் கணக்குகள் உண்டு. முதலாவது, பாதிரியார்கள் ஆண்டுதோறும் மேலிடத்துக்கு அனுப்பிய அட்டவணை. ஒரே தாளில் இடப்பக்கம் ஊர்ப் பெயர்கள் வரிசையாக இறங்கும். அவற்றுக்கு நேரே குடும்பங்கள், மனைவியை இழந்த ஆண்கள், கைம்பெண்கள், சிறுவர், சிறுமியர், மொத்த ஆன்மாக்கள், அவ்வாண்டில் ஞானஸ்நானம் பெற்றோர், மணம் முடித்தோர், இறந்த பெரியவர்கள், இறந்த குழந்தைகள் என்று பத்திகள் செல்லும். கைம்பெண்களின் பத்தியில் உள்ள எண் எப்போதும் மனைவியை இழந்தவர்களின் எண்ணைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். அந்த ஒரு வித்தியாசமே அவ்வூர்களின் குடும்ப வாழ்வைப் பற்றி நிறையச் சொல்கிறது. அதைப் பற்றிக் கீழே மறுபடி சொல்கிறேன்.

இரண்டாவது, அரசு அதிகாரிகள் வரி விதிப்பதற்காக எடுத்த பேரேடு. நம் ஊர்களில் கோவில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு எண்ணி வரி வசூலிப்பதைப் போன்றதுதான் இது. தலைவன் பெயர் முதலில் வரும். அவனுக்குக் கீழே அவனுடைய ஆட்கள் ஒவ்வொருவரும் பெயர், வயது, மனைவி, பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக எழுதப்பட்டிருப்பார்கள். 18 முதல் 50 வயது வரையுள்ள ஆண் ஆண்டுக்கு ஒரு பேசோ (ஸ்பானிய வெள்ளி நாணயம்) வரி செலுத்த வேண்டும். தலைவர்களுக்கும் அவர்களுடைய மூத்த மகன்களுக்கும் விலக்கு உண்டு. கோவில் ஊழியம் செய்த சிலருக்கும் விலக்கு உண்டு.

உச்சத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்? மொத்த வரலாற்றையும் சில எண்களில் சொல்ல முடியுமா?

1647-இல் 28,714 பேர். 1702-இல் ஏறத்தாழ 89,500 பேர். 1732-இல் 1,41,182 பேர், இதுவே உச்சம். 1740-இல் 73,910 பேர். 1750-களின் நடுவில் மீண்டும் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். 1767-இல், துறவிகள் வெளியேற்றப்படுவதற்குச் சற்று முன், ஏறத்தாழ 88,800 பேர். 1801-இல் சுமார் 45,000 பேர்.

இந்த எண்களை ஒரே மூச்சில் படிக்கும்போது கண்ணில் படவேண்டியது, கோடு ஏறி, விழுந்து, மறுபடி ஏறி, மறுபடி விழுகிறது என்பதுதான். வெள்ளையர் வந்தார்கள், நோய் வந்தது, பழங்குடி அழிந்தது என்று ஒரே சரிவாக வரையப்படும் படத்துக்கு இது பொருந்தாது. கலிபோர்னியத் தீபகற்பத்தின் மிஷன்களில் அந்தச் சரிவு உண்மையாகவே நிகழ்ந்தது. இங்கே நிகழ்ந்தது வேறு.

தொடக்க காலத்தில் ஊர்கள் இடம் மாறிக்கொண்டே இருந்ததாகச் சொல்கிறார்களே, அது ஏன்?

அடிமை வேட்டையே காரணம். இன்றைய பிரேசிலின் பரனா மாநிலத்தில் இருந்த குவாய்ரா பகுதியின் ஊர்களை 1628 முதல் சாவோ பாவுலோ படைகள் தாக்கி, ஆயிரக்கணக்கானோரைப் பிடித்துச் சென்றன. அப்படைத் தலைவர்களில் அன்டோனியோ ரப்போசோ தவாரெஸ் பெயர் பெற்றவன். காட்டில் சிதறிக் கிடந்தவர்களைத் தேடிப் பிடிப்பதைவிட, ஓரிடத்தில் கூடி வாழ்ந்தவர்களைப் பிடிப்பது வேட்டைக்காரர்களுக்கு எளிதாக இருந்தது என்பது இதன் கொடுமையான பக்கம்.

1631-இல் எஞ்சிய மக்களை அழைத்துக்கொண்டு அன்டோனியோ ருயிஸ் தெ மொந்தோயா என்ற துறவி பரானா ஆற்றின் வழியே தெற்கே புறப்பட்டார். 700 தெப்பங்களில் 12,000 பேர் கிளம்பியதாக அவரே எழுதியிருக்கிறார். குவாய்ரா அருவிகளில் தெப்பங்களை ஆளில்லாமல் விட்டுப் பார்த்தபோது அவை நொறுங்கிப் போயின. மக்கள் குழந்தைகளையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு கரையோரக் காட்டின் வழியே நடந்தார்கள். புது இடத்தில் விதைக்கும் முன்பே பசியும் நோயும் வந்துவிட்டன. நிலைத்துக் குடியேறியவர்கள் ஏறத்தாழ நாலாயிரம் பேர்தான். இன்றைய தென் பிரேசிலில் இருந்த தாப்பே பகுதியின் ஊர்களும் 1630-களின் இறுதியில் இதேபோல் உருகுவாய் ஆற்றின் மேற்கே நகர்ந்தன. 1641 மார்ச்சில் ம்போரோரே என்ற இடத்தில், துப்பாக்கி ஏந்திய குவாரனிப் படை வேட்டைக்காரர்களை முறியடித்த பிறகே பெரும் படையெடுப்புகள் ஓய்ந்தன. மேலே சொன்ன 1647-ஆம் ஆண்டின் 28,714 பேர், இத்தனை இழப்புக்குப் பிறகு மிஞ்சியவர்கள்.

28 ஆயிரம் பேர் எப்படி 1 லட்சத்து 41 ஆயிரம் ஆனார்கள்? வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தார்களா?

சிறிய அளவில் சேர்த்தார்கள். ஆனால் வளர்ச்சியின் பெரும்பகுதி ஊருக்குள் பிறந்த குழந்தைகளால் ஏற்பட்டது. 85 ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1.9 விழுக்காடு வளர்ச்சி. அம்மையும் பஞ்சமும் வழக்கமாக வந்துபோன ஒரு நூற்றாண்டில் இது மிக வேகமான வளர்ச்சி. பெண்ணுக்கு 15 வயதை ஒட்டியும், ஆணுக்கு 17 வயதை ஒட்டியும் திருமணம் முடிந்தது. மணமாகாமல் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ இல்லை. ஆகவே ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. நோய் இல்லாத ஆண்டுகளில்கூடச் சாவு குறைவாக இல்லை; மிகப் பல குழந்தைகள் ஐந்து வயதைத் தாண்டவில்லை. பிறப்பு அதையும் மிஞ்சி நின்றது, அவ்வளவுதான்.

உணவும் ஒரு காரணம். பெரும் மாட்டு மந்தைகள் இருந்ததால் மாட்டிறைச்சி வீடு வீடாகப் பங்கிடப்பட்டது. குடும்பத்துக்கென்று தனி நிலம் இருந்தது, அது அபம்பாயே. பொது நிலமும் இருந்தது, அது துப்பாம்பாயே. பொது நிலத்தின் விளைச்சல் கைம்பெண்களுக்கும் அனாதைகளுக்கும் நோயாளிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. விதைக்கும் அதிலிருந்தே எடுத்தார்கள். ஓர் ஊர் பெருத்துவிட்டால் அதைப் பிரித்தார்கள். 1697-இல் அன்டோனியோ செப் என்ற துறவி, சான் மிகேல் ஊரின் தலைவர்களில் ஒரு பகுதியினரை அவர்களுடைய ஆட்களோடு பிரித்துக் கொண்டுபோய் சான் ஹுவான் பவுதிஸ்தா ஊரை நிறுவினார். தலைவனோடு மொத்தக் கூட்டமும் இடம் பெயர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நூறு ஆண்டுகள் ஆன பின்னும் அந்தப் பழைய அலகு உடையவில்லை.

கைம்பெண்கள் மட்டும் ஏன் அத்தனை பேர்? அவர்கள் எங்கே வாழ்ந்தார்கள்?

மனைவியை இழந்த ஆண் சில மாதங்களிலேயே மறுபடி மணந்துகொண்டான். அதனால் அவன் அட்டவணையில் ‘குடும்பம்’ என்ற பத்திக்குத் திரும்பிவிட்டான். பெண்களில் இளையவர்கள் மட்டுமே அப்படித் திரும்பினார்கள். மற்றவர்கள் கைம்பெண் பத்தியிலேயே ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்தார்கள். போருக்கும் தொலைதூரப் பயணங்களுக்கும் ஆண்களே அனுப்பப்பட்டதும், பலர் திரும்பி வராததும் இன்னொரு காரணம்.

கோத்தி குவாசு, அதாவது ‘பெரிய வீடு’ என்ற கட்டடம் ஒவ்வோர் ஊரிலும் இருந்தது. ஆதரவற்ற கைம்பெண்களும், அனாதைச் சிறுமியரும், கணவன் ஊரைவிட்டுப் போய்விட்ட பெண்களும் அதில் தங்கினார்கள். அங்கே உணவும் துணியும் கிடைத்தன. பதிலுக்கு நூல் நூற்க வேண்டியிருந்தது, வெளியே போகத் தடையும் இருந்தது. அதைக் காப்பகம் என்று சொல்வதா, காவல் என்று சொல்வதா என்று என்னைக் கேட்டால், இரண்டும்தான் என்பேன்.

1732-க்குப் பிறகு எட்டே வருஷத்தில் பாதிப் பேர் எப்படிக் காணாமல் போனார்கள்?

இதுதான் இந்த வரலாற்றின் மையம். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். 1,41,182-இலிருந்து 73,910-க்கு வருவதென்றால் 67,000-க்கும் மேற்பட்டோர் குறைந்துவிட்டார்கள். ஒரே ஒரு நோயால் இது நிகழவில்லை. பராகுவாயில் குடியேறிகள் அரசுக்கு எதிராக நடத்திய கொமுனேரோ கிளர்ச்சி 1721-இல் தொடங்கி 1735 வரை நீண்டது. அதை அடக்க, மிஷன் ஊர்களின் ஆண்கள் ஆயிரக்கணக்கில் அழைக்கப்பட்டுத் தெபிகுவாரி ஆற்றங்கரை முகாம்களில் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டார்கள். காட்டைத் திருத்தி விதைக்க வேண்டிய கைகள் முகாமில் இருந்தன. ஊரில் இருந்த தானியமும் மாடுகளும் முகாமுக்குப் போயின. அதே ஆண்டுகளில் வறட்சியும் சேர்ந்துகொண்டது.

பட்டினி கிடந்த உடல்களின் மேல்தான் நோய் வந்தது. 1733-இலிருந்து அலை அலையாகப் பரவிய நோய்களில், 1738 முதல் 1740 வரை நீடித்த பெரியம்மை மிகக் கொடியது. முகாமில் இருந்து திரும்பிய வீரனும், ஆற்றில் தேநீர்போல் பருகும் யெர்பா மாத்தே இலையை ஏற்றிச் சென்று திரும்பிய படகோட்டியும், உணவு தேடி அலைந்த குடும்பமும் நோயை ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள். வீட்டில் தாயும் தந்தையும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை. பெரியம்மையால் செத்தவர்கள் என்று எழுதப்பட்டவர்களில் ஒரு பகுதியினர், பார்த்துக்கொள்ள ஆளிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள்.

குறைந்தவர்கள் எல்லோரும் இறந்தவர்கள் என்றும் கொள்ளக்கூடாது. பசியால் ஊரைவிட்டு ஓடியவர்களும் அதில் உண்டு. அதைப் பற்றித் தனிக் கேள்வி கீழே வருகிறது.

ஒரு தடவை அம்மை வந்தால் உடம்பில் தடுப்பாற்றல் வந்துவிடாதா? மறுபடி மறுபடி ஏன் இத்தனை சாவு?

பிழைத்தவருக்கு வரும், அவருடைய பிள்ளைக்கு வராது. பெரியம்மை தொடர்ந்து வாழ வேண்டுமானால், நோய் கண்டிராத குழந்தைகள் இடைவிடாமல் கிடைத்துக்கொண்டிருக்கும் பெருநகரம் வேண்டும். அங்கே அது குழந்தைப் பருவ நோயாகத் தங்கி, ஆண்டுதோறும் சிலரைக் கொண்டுபோகும். சில ஆயிரம் பேர் வாழும் மிஷன் ஊரில், எல்லோரையும் பிடித்து முடித்ததும் அது தானே அணைந்துவிடும். பிறகு இருபது ஆண்டுகள் கழித்து வெளியிலிருந்து மறுபடி வரும். 1718–19, 1738–40, 1764–65 என்ற ஆண்டுகளைப் பாருங்கள். அந்த இடைவெளி ஏறத்தாழ ஒரு தலைமுறை. மேலே சொன்னபடி பிறப்பு மிக அதிகமாக இருந்ததால், ஒவ்வொரு முறையும் ஊரில் பாதிக்கும் மேற்பட்டோர் நோயை முன்பின் அறியாதவர்களாக இருந்தார்கள். வேகமான வளர்ச்சியே அடுத்த நோய்க்கு விறகு சேர்த்தது என்று சொல்லலாம்.

எல்லா ஊர்களும் ஒரே நேரத்தில் அடிபடவில்லை. தெற்குக் கோடியில் மாட்டுப் பண்ணைகள் பரந்து கிடந்த யப்பெயூ, 1738–40 பெரியம்மையில் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. அதன் விலையை அது 1770-களின் தொடக்கத்தில் கொடுத்தது. அப்போது வந்த பெரியம்மை அவ்வூர் மக்களில் பெரும்பகுதியினரைக் கொன்றது. சில ஆண்டுகள் கழித்து, 1778-இல், அர்ஜென்டினாவின் விடுதலைத் தலைவர் ஹொசே தெ சான் மார்த்தின் அந்த யப்பெயூவில்தான் பிறந்தார்.

அப்படியானால் மிஷன் ஊர்களில் கூட்டி வைத்ததுதானே சாவுக்குக் காரணம்? காட்டிலேயே விட்டிருந்தால் பிழைத்திருப்பார்களே?

பாதி சரி. வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், தினமும் எல்லோரும் கூடும் கோவில், ஊருக்கும் ஊருக்கும் இடையே ஓயாத போக்குவரத்து ஆகியவை நோய் பரவ உகந்த சூழல். பாதிரியார்களும் இதை அறிந்திருந்தார்கள்; பெரியம்மை வந்தபோது ஊருக்கு வெளியே குடிசைகள் போட்டு நோயாளிகளைப் பிரித்து வைத்தார்கள். சிதறி வாழ்ந்தவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு என்பதில் ஐயமில்லை.

மீதிப் பாதியை 1628 முதல் 1641 வரையிலான வேட்டையும், என்கொமியெந்தா வேலையும் நினைவூட்டுகின்றன. ‘காட்டிலேயே விட்டிருந்தால்’ என்ற நிலை அந்தப் பகுதியில் பலருக்கு வாய்க்கவில்லை. மிஷனுக்கு வெளியே இருந்தவர்களில் பலர் சாவோ பாவுலோவின் கோதுமை வயல்களில் அடிமைகளாக முடிந்தார்கள். இதைச் சொல்வதால் மிஷன் ஆட்சியை நான் நியாயப்படுத்துவதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. குழந்தைகள் இத்தனை பேர் புதைக்கப்பட்ட இடத்தைச் சொர்க்கம் என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் 1740-இல் எஞ்சிய 73,910 பேர் பதினைந்தே ஆண்டுகளில் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். துணையை இழந்தவர்கள் உடனே மணந்தார்கள்; அடுத்த ஆண்டே ஞானஸ்நானப் பத்தி நிரம்பத் தொடங்கியது. அந்த மீட்சி குவாரனிக் குடும்பங்களின் செயல். முப்பது ஊர்களில் ஊருக்கு இரண்டு பாதிரியார்களே இருந்தார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது.

கணக்கில் குறைந்தவர்கள் எல்லோரும் செத்தவர்களா? ஓடிப்போனவர்களைப் பற்றி ஏதாவது தெரியுமா?

தெரியும். வரிப் பேரேடுகளில் பல பெயர்களுக்கு எதிரே ‘ஹுய்தோ’, அதாவது ‘ஓடிப்போனவன்’ என்ற சொல் இருக்கிறது. சில சமயம் எங்கே போனான் என்பதும் எழுதப்பட்டிருக்கும். அவர்களில் சிலர் வேறு மிஷன் ஊருக்குப் போய் உறவினரோடு தங்கினார்கள். வேறு சிலர் கொரியெந்தெஸ், சாந்தா ஃபே, மொந்தேவிதேயோ பக்கம் போய்க் கூலிக்கு மாடு மேய்த்தார்கள். பசி தீர்ந்ததும் திரும்பி வந்தவர்களும் உண்டு.

எனக்கு இந்தச் சொல் முக்கியமாகப் படுகிறது. பேரேட்டில் கணவன் பெயருக்கு எதிரே ‘ஓடிப்போனவன்’ என்றிருக்க, அடுத்த வரியில் மனைவியும் பிள்ளைகளும் ஊரிலேயே இருப்பதைக் காணலாம். இறந்தவர்களை மட்டும் எண்ணும் வரலாறு அந்த ஆணையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறது. அவனோ இருநூறு மைல் தள்ளி வேறு பெயரில் வாழ்ந்துகொண்டிருந்திருக்கலாம்.

வரிக்காக எடுத்த கணக்கு என்றால், அதில் பொய் இருக்காதா?

நல்ல கேள்வி. ஆட்களைக் குறைத்துக் காட்டினால் வரி குறையும் என்பதால் பாதிரியார்கள் மறைக்கிறார்கள் என்று எதிரிகள் அந்தக் காலத்திலேயே குற்றம் சாட்டினார்கள். அதை விசாரிக்க 1735-இல் அரசு தனி அதிகாரியை அனுப்பியது. 1743-இல் அரசர் ஒரு பேசோ வரியை உயர்த்தாமல் உறுதி செய்தார். மறைக்க வேண்டிய இடம் எதுவென்று பார்த்தால், 18 முதல் 50 வரையுள்ள ஆண்களின் பத்தி ஒன்றுதான். பெண்களையும் குழந்தைகளையும் மறைப்பதால் யாருக்கும் லாபமில்லை. ஆகவே மொத்த எண்ணைவிட வயது விவரத்தைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். வரி கட்டும் வயதின் இரு விளிம்புகளில் எழுதப்பட்ட வயதுகளை நான் அப்படியே ஏற்பதில்லை.

இன்னொரு குறை, பிறந்த சில மணி நேரத்திலேயே இறந்த குழந்தைகள் பல சமயம் பிறப்பிலும் வரவில்லை, இறப்பிலும் வரவில்லை என்பது. இதனால் இரண்டு பத்திகளும் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆண்டு அட்டவணையும் வரிப் பேரேடும் வெவ்வேறு நோக்கத்தில், வெவ்வேறு கைகளால் எழுதப்பட்டவை. இரண்டும் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் ஒரே திசையில் காட்டுவதால் பொதுப் போக்கை நம்பலாம்.

1750-இல் ஏழு ஊர்களைக் காலி செய்யச் சொன்னார்களாமே? அதனால் எத்தனை பேர் இறந்தார்கள்?

ஸ்பெயினும் போர்ச்சுகலும் செய்துகொண்ட மத்ரித் ஒப்பந்தத்தின்படி, உருகுவாய் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த ஏழு ஊர்கள் போர்ச்சுகல் வசம் போக வேண்டும். அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 30,000 பேர் வீடு, வயல், கோவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேற்கே நகர வேண்டும். ஊராட்சி மன்றங்கள் குவாரனி மொழியிலேயே அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி மறுத்தன. போர் மூண்டது. தலைவர் செப்பே தியராஜு 1756 பிப்ரவரி 7-இல் கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்துக் காய்பாத்தே என்ற இடத்தில் இரு பேரரசுகளின் கூட்டுப்படை சுமார் 1,500 குவாரனிகளைக் கொன்றது.

ஒப்பந்தம் 1761-இல் ரத்தானது, மக்கள் திரும்பினார்கள். ஆனால் மேற்கேயிருந்த ஊர்களில் ஆண்டுக்கணக்கில் தஞ்சம் புகுந்து நெருக்கியடித்து வாழ்ந்ததும், மாட்டு மந்தைகள் சூறையாடப்பட்டதும் பின்விளைவுகளை விட்டுச் சென்றன. அவற்றோடு 1764–65 பெரியம்மையும் சேர்ந்தது. 1767-இன் எண் ஒரு லட்சத்துக்குக் கீழே வந்ததன் பின்னணி இதுதான்.

துறவிகளை வெளியேற்றியதும் குவாரனிகள் காட்டுக்கே திரும்பிப் போய்விட்டார்கள், ஊர்கள் பாழாயின என்கிறார்களே?

இது மிகப் பரவலான தவறு. இயேசு சபையை வெளியேற்றும் ஸ்பெயின் அரசரின் ஆணை 1767-இல் பிறந்தது. ஆளுநர் புகாரெலி அதை இந்த ஊர்களில் 1768-இல் நிறைவேற்றினார். மறுநாளே யாரும் காட்டுக்கு ஓடவில்லை. ஆன்மீகப் பணிக்கு வேறு சபைத் துறவிகளும், வரவு செலவுக்கு அரசு நியமித்த நிர்வாகிகளும் வந்தார்கள். பொது நில உழைப்பின் பலன் ஊருக்குள் தங்காமல் வெளியே போகத் தொடங்கியது, மாடுகள் குறைந்தன, பொதுக் கிடங்கில் கைம்பெண்ணுக்கும் நோயாளிக்கும் இருந்த பங்கு சுருங்கியது. அப்போது வேலை தெரிந்த ஆண்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். தச்சு, கொல்லு வேலை, நெசவு, குதிரை ஏற்றம் எல்லாம் கற்றவர்களுக்குப் புவெனோஸ் அயிரெஸ், மொந்தேவிதேயோ போன்ற இடங்களில் கூலி கிடைத்தது. 1801-இன் 45,000 என்ற எண்ணில் நோயின் பங்கு பெரியது. இப்படி வெளியேறியவர்களின் பங்கும் பெரியது. அவர்கள் சென்ற திசை காடல்ல, நகரமும் மாட்டுப் பண்ணையும்தான்.

அப்படியானால் கடைசியில் அவர்கள் என்ன ஆனார்கள்? இன்று இருக்கிறார்களா?

1801-இல் கிழக்கேயிருந்த ஏழு ஊர்களைப் போர்த்துக்கீசியர் கைப்பற்றினார்கள். 1817-இல் மேற்குக் கரை ஊர்கள் பல எரிக்கப்பட்டன. அவற்றைக் காக்கப் போராடியவர் ஆந்த்ரெசித்தோ என்று அழைக்கப்பட்ட குவாரனித் தலைவர் ஆந்த்ரெஸ் குவாசுராரி. 1828-இல் கிழக்கு ஊர்களின் மக்களில் பலர் தளபதி ரிவேராவோடு உருகுவாய்க்குச் சென்று பெல்லா உனியோன் பகுதியில் குடியேறினார்கள். பராகுவாயில் 1848-இல் அதிபர் கார்லோஸ் அன்டோனியோ லோப்பெஸ் பூர்வகுடி ஊர்களின் பொதுச் சொத்தை அரசுடைமையாக்கி, அங்கு வாழ்ந்தோரை நாட்டின் சாதாரணக் குடிமக்கள் என்று அறிவித்தார். அன்றோடு ‘மிஷன் குவாரனி’ என்ற பத்தி கணக்கேட்டிலிருந்து நீங்கியது. அந்தப் பத்தியில் இருந்தவர்கள் மறுநாளும் அதே வயலில் மரவள்ளி பிடுங்கினார்கள்.

இன்று சான் மிகேல் கோவிலின் சிவப்புக் கல் இடிபாடுகளுக்கு அருகில் மரச் சிற்பங்களும் கூடைகளும் விற்கும் ம்பியா குவாரனிகளைப் பார்ப்பவர்கள், அவர்களே பழைய மிஷன் மக்களின் நேர் வாரிசுகள் என்று எண்ணுகிறார்கள். ம்பியாக்கள் பெரும்பாலும் மிஷனுக்கு வெளியே காட்டில் வாழ்ந்தவர்களின் வழியில் வந்தவர்கள். மிஷன் மக்களின் வழித்தோன்றல்களைப் பராகுவாயின் சிற்றூர்களிலும், அர்ஜென்டினாவின் கொரியெந்தெஸிலும், பிரேசிலின் தென்கோடியிலும், உருகுவாயின் வடக்கிலும் உழவர்களாகவும் மாடு மேய்ப்பவர்களாகவும் காணலாம். தம்மைக் குவாரனி என்று சொல்லிக்கொள்ளாதவர்களும் அவர்களில் பலர். பராகுவாயின் 1992 அரசியலமைப்பு குவாரனியை ஸ்பானிய மொழியோடு சேர்த்து ஆட்சிமொழியாக ஏற்றது.

ஒரு குறிப்பிட்ட குடும்பத்தை இந்தக் கணக்குகளில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஊர்க் கோவில்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் போர்களிலும் தீயிலும் பெரும்பாலும் அழிந்துவிட்டன. ஆனால் வரிப் பேரேடுகள் புவெனோஸ் அயிரெஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பெருமளவு மிஞ்சியுள்ளன. 1735-இலும், 1759-இலும், 1772-இலும் ஒரே ஊருக்கு எடுத்த பேரேடுகளை அருகருகே வைத்தால், அதே தலைவனின் பெயரோ அவன் மகனின் பெயரோ மறுபடி வருகிறது. அவனுக்குக் கீழே உள்ள குடும்பங்கள் சில மறைகின்றன, சில பெருகுகின்றன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஞானஸ்நானப் பெயர்கள் மிகச் சிலவே என்பதால் ஒரே ஊரில் இக்னாசியோக்களும் மரியாக்களும் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். ஆகவே அடுத்து வரும் குவாரனிப் பெயரைத்தான் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அதை எழுதிய ஸ்பானியக் குமாஸ்தா, காதில் விழுந்தபடி ஒவ்வொரு முறையும் வேறு எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பார். வாய்விட்டு உரக்கப் படித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே பெயர்தான் என்பது பல சமயம் காதுக்குப் புலப்படும்.